கிட்டங்கியின் வாயில்: ப. சிங்காரத்தின் நாவல்களில் வணிகமும் வாய்ப்பும்

தமிழின் பழைய இலக்கியம் வணிகனை நன்கு அறிந்திருந்தது. சிலப்பதிகாரத்தின் தலைவனும் தலைவியும் வணிகர் குடியில் தோன்றியவர்கள். பட்டினப்பாலை பாடிய புலவர், கொள்வதிலும் கொடுப்பதிலும் நேர்மை தவறாத வணிகரைக் காவிரிப்பூம்பட்டினத்தின் பெருமைகளுள் ஒன்றாக வைத்துப் பாடினார். இத்தகைய மரபுடைய மொழியில், உரைநடை நாவல் தோன்றிய பின்னர் வணிகனுக்குக் கிடைத்த இடம் வியப்புத் தரும் அளவுக்குச் சிறியது. நாவலில் முதலாளி வருவான். பெரும்பாலும் கொடியவனாக வருவான். சில வேளைகளில் கடைசி அதிகாரத்தில் மனம் திருந்துவான். அவனுடைய கடையில் பேரேடு எவ்வாறு எழுதப்படுகிறது, ஒரு பையன் எவ்வாறு வேலைக்குச் சேர்கிறான், எத்தனை ஆண்டில் எப்படி உயர்கிறான், எவன் உயராமல் நின்றுவிடுகிறான் என்பனவற்றை அறிய விரும்பும் வாசகனுக்கு அந்நாவல்களில் விடை கிடைப்பதில்லை.

இக்குறையைத் தம் இரண்டே நாவல்களால் பெரிதும் போக்கியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த அவர், 1938இல் கடல் கடந்து சுமத்திராவின் மேடான் நகருக்கு ஒரு கடைக்கு வேலைக்குச் சென்றார். உலகப் போரையும் சப்பானியர் ஆட்சியையும் அங்கிருந்தே கண்டு, 1946இல் தாயகம் திரும்பினார். பின்னர் மதுரையில் நாளிதழ் அலுவலகத்தில் நீண்ட காலம் பணியாற்றி 1997இல் மறைந்தார். அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. இரண்டாவதான 'புயலிலே ஒரு தோணி' 1972இல் அச்சேறியது. முன்னதன் களம் பினாங்கு. பின்னதன் களம் மேடானும் மலாக்கா நீரிணையும் பினாங்கும். இம்மண்ணில் வாழும் தமிழர் தம் நகரத்து வீதிகளை நாவலில் காணும் மகிழ்ச்சியை இவையிரண்டும் தருகின்றன.

திறனாய்வாளர்கள் இவற்றைப் போர் நாவல்கள் என்றனர். கடல் நாவல்கள் என்றனர். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தைத் தமிழில் பதிவு செய்த நாவல்கள் என்றனர். 'கடலுக்கு அப்பால்' நிறைவேறாத காதலின் கதை என்று வகுப்பறைகளில் சொல்லப்படுவதும் உண்டு. இவையெல்லாம் உண்மையே. ஆயினும், அந்நாவலின் மைய நிகழ்ச்சியைக் காதலையும் போரையும் ஒருபுறம் வைத்துவிட்டு நோக்கினால் தெரிவது வேறு. ஒரு நிறுவனத்தில் ஒரு திறமைசாலிக்கு மேற்பதவி மறுக்கப்படுகிறது. யார் மறுத்தார், என்ன காரணம் சொல்லி மறுத்தார், அக்காரணம் ஏற்கத்தக்கதா என்பவையே நாவல் எழுப்பும் வினாக்கள். வணிகத்தில் சமவாய்ப்பு என்று இன்று மேடைகளிலும் சட்ட மன்றங்களிலும் பேசப்படும் பொருள் இதுதான். அச்சொல் தமிழில் புழக்கத்துக்கு வருமுன்னரே அதன் உள்ளீட்டை ஒரு வட்டிக் கடைக்குள் வைத்துக் காட்டிய நாவல் இது.

அந்தக் கடையின் அமைப்பை இளைய வாசகர் அறிந்துகொள்வது நல்லது. மலாயாவில் வட்டித் தொழில் நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் முதன்மையாக இருந்தது. அவர்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தொழில் தொடங்கியவர்கள். அவர்கள் வகுத்த முறையைப் பின்பற்றிப் பிறரும் அத்தொழிலை நடத்தினர். கடைகள் அமைந்த நீண்ட கட்டடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் பினாங்கில் பினாங்கு வீதியிலும் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூரையின் கீழ்ப் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு தாழ்ந்த மேசை, ஒரு பெட்டி, ஒரு பாய். பகலில் அங்கு அமர்ந்து இலட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் இரவில் அதே இடத்தில் படுத்து உறங்கினர். ஆடம்பரம் அறவே இல்லை. கடைக்கு முதலாளியின் பெயர் முதலெழுத்துகளால் ஆன விலாசமே பெயர். அவ்வெழுத்துகளை நீட்டி ஒலித்து மனிதரையும் அழைப்பர். 'கடலுக்கு அப்பால்' நாவலில் முதலாளி வானாயீனா என்று வழங்கப்படுவது இவ்வழக்கின்படியே.

வேலைக்கு வரும் சிறுவன் முதலில் பெட்டியடிப் பையன். கடை கூட்டுவது, ஓலை கொண்டு ஓடுவது, மேலாள் கேட்கும் ஏட்டை எடுத்து நீட்டுவது அவன் வேலை. இடையில் கணக்கு கற்பான். சில ஆண்டுகளில் அடுத்தாள் ஆவான், வசூலுக்குச் செல்வான், கடன் கேட்டு வருபவனின் முகத்தைப் பார்த்தே அவன் கையிருப்பைக் கணிக்கப் பழகுவான். தேர்ச்சி பெற்றால் ஒரு நாள் ஏஜெண்டு என்னும் மேலாள் பதவி. முதலாளி ஊரில் இருக்க, கடல் கடந்த கடையின் முழுப் பொறுப்பும் அவன் கையில். பொதுவாக மூன்று ஆண்டு ஒரு கணக்கு. அது முடிந்ததும் ஊர் திரும்பி ஒப்படைக்க வேண்டும். வல்லவனாயின் பின்னொரு காலத்தில் அவனே ஒரு விலாசம் தொடங்குவான்.

இந்த ஏற்பாட்டின் சிறப்பைக் குறைத்து மதிப்பிடுவது பெரும் பிழை. ஏறக்குறைய தொடக்கப் பள்ளிப் படிப்போடு வந்த ஒரு சிறுவன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வங்கியாளனாக உருவாகிறான். 320இல் ஒரு பங்கான முந்திரி முதல், 80இல் ஒரு பங்கான காணி, 20இல் ஒரு பங்கான மா வரையில் பின்னக் கணக்கு முழுவதும் அவன் நாவில் நிற்கும். மலாய் பேசுவான், சீன வணிகனின் பேச்சிலும் தேவையான அளவு புரிந்துகொள்வான். பட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை, தேர்வுக் கட்டணம் இல்லை. செல்வனின் மகனும் பெட்டியடியில் தொடங்கியாக வேண்டும் என்னும் கட்டுப்பாடு வேறு. பயிற்சிக் கல்லூரிகளில் ஆசிரியர் மாணவர்க்குச் 'செய்து கற்றல்' என்று விளக்கும் முறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சிங்காரம் இப்படிநிலைகளை விரிவுரை ஆற்றி விளக்குவதில்லை. பாத்திரங்களின் பேச்சிலும் அவர்கள் ஒருவரையொருவர் விளிக்கும் முறையிலும் அவை தாமே தெரிகின்றன. அடுத்தாள் மேலாளிடம் பேசும்போது சொற்கள் குனிகின்றன. அடுத்தாட்கள் இருவர் தெருவில் நடக்கும்போது அதே சொற்கள் நிமிர்ந்துவிடுகின்றன. மேசைக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்ந்த ஒருவராலேயே இவ்வாறு எழுத இயலும்.

ஏணி நல்ல ஏணிதான். அதன் அடி எங்கே நாட்டப்பட்டிருந்தது என்பதே வினா. கிட்டங்கியின் கதவு பினாங்கு வீதியில் திறந்திருந்தது. கடன் கேட்டு யாரும் நுழையலாம். மலாய் நிலவுடைமையாளர், சீனச் சுரங்க முதலாளி, இந்தியச் சில்லறைக் கடைக்காரர் என வாடிக்கையாளர் பல இனத்தவர். மேசைக்குப் பின்னால் அமர்ந்தவர் மட்டும் ஒரே வட்டாரத்தார். பெரும்பாலும் ஒரே சமூகத்தார். வேலைக்கான வாயில் பினாங்கில் இல்லை. அது இராமநாதபுரச் சீமையின் ஏதோ ஓர் ஊர்த் திண்ணையில் இருந்தது. இன்னாருடைய மகன், இன்னாருக்குப் பங்காளி, இன்ன கோயிலைச் சேர்ந்தவன் என்னும் மூன்று விடைகளே விண்ணப்பம்.

இதற்கு ஒரு நியாயம் இருந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. தந்தியும் கப்பலும் மட்டுமே இருந்த காலத்தில் கடலுக்கு அப்பால் ஒருவன் கையில் பெரும் பொருளை ஒப்படைக்கும் முதலாளிக்கு என்ன பாதுகாப்பு? நீதிமன்றம் தொலைவில் இருந்தது. உறவு அண்மையில் இருந்தது. ஏஜெண்டு கையாடல் செய்தால் ஊரில் அவன் வீடு தலைகுனியும். தங்கைக்கு வரன் கிடைக்காது. கோயில் மரியாதை போகும். இவ்வச்சமே ஈடு. திருக்குறளைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இங்கு ஒன்று நினைவுக்கு வரும். தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், உறவின் பிணைப்பு அற்றவனை நம்புவதில் எச்சரிக்கை செய்கிறார். அத்தகையவன் ஊரார் தூற்றலைப் பொருட்படுத்தமாட்டான் என்பது அவர் காட்டும் காரணம். கிட்டங்கியின் ஆட்சேர்ப்பு முறை முழுவதும் அந்த ஒரு குறளுக்குள் அடங்கிவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அதே அதிகாரத்தில் அதற்கு அடுத்த குறள், அறிய வேண்டியதை அறியாதவனை அன்பின் காரணமாக மட்டும் தெளிவது எல்லா அறியாமைக்கும் வழிவகுக்கும் என்று கூறுகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. உறவைப் பார், உறவை மட்டும் பாராதே என்று இரு பக்கமும் இழுக்கும் அவ்விடத்தில்தான் சிங்காரத்தின் முதல் நாவல் நிற்கிறது.

செல்லையா வானாயீனாவின் கடையில் பயின்றவன், தொழில் தெரிந்தவன், முதலாளியின் மகள் மரகதத்தின் அன்பைப் பெற்றவன். போர் வருகிறது. அவன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்த பின் பினாங்குக்குத் திரும்புகிறான். துப்பாக்கி பிடித்தவன் வட்டித் தொழிலுக்கு உதவமாட்டான் என்பது வானாயீனாவின் முடிவு. மகளையும் அவனுக்குத் தர அவர் இசையவில்லை. அவருக்குப் பொருத்தமானவனாகத் தோன்றும் வேறொருவனுக்கு அந்த இடம் போகிறது. கதை இவ்வளவே.

இங்கு வாசகர் கூர்ந்து நோக்க வேண்டியது, செல்லையா மறுக்கப்படுவதற்குச் சொல்லப்படும் காரணம். அவன் கணக்கில் பிழை செய்தான் என்று யாரும் சொல்லவில்லை. பணத்தில் கை வைத்தான் என்று சொல்லவில்லை. சாதி, ஊர், உறவு ஆகிய பழைய அளவுகோல்களிலும் அவன் தவறியவன் அல்லன். அவற்றில் தேறியதால்தான் கடைக்குள்ளேயே வந்தான். அவன் மாறிவிட்டான் என்பதே குற்றம். நடை மாறிவிட்டது, பார்வை மாறிவிட்டது, கைகட்டி நிற்கும் பழக்கம் போய்விட்டது. பொருத்தமில்லை என்னும் ஒரு சொல்லால் அவன் வெளியேற்றப்படுகிறான்.

இச்சொல் இன்னும் சாகவில்லை. இன்றைய நிறுவனங்களின் நேர்முகத் தேர்வு முடிந்தபின், தகுதியெல்லாம் இருந்தும் ஒருவரை நீக்குவதற்குப் பயன்படும் சொல்லும் பெரும்பாலும் இதுவே. இனம் பிடிக்கவில்லை என்று எவரும் கோப்பில் எழுதமாட்டார். பெண் என்பதால் வேண்டாம் என்றும் எழுதமாட்டார். எங்கள் குழுவுக்குப் பொருந்திவருவாரா என்பது ஐயம் என்று எழுதுவார். அதை மறுத்து வாதிட வழியே இல்லை. ஏனெனில் அது எதையும் குறிப்பாகச் சொல்வதில்லை. வானாயீனாவுக்கும் இவ்வலுவலர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. வானாயீனா தம் காரணத்தை ஒளிக்கவில்லை. இன்னதனால் நீ ஆகாய் என்று சொல்லும் நேர்மையாவது அவரிடம் இருந்தது.

செல்லையாவை மாற்றியது எது என்பதையும் ஆராய வேண்டும். இந்திய தேசிய இராணுவம் போர்க்களத்தில் வென்றதா தோற்றதா என்பது வேறு செய்தி. மலாயாத் தமிழரைப் பொறுத்தவரை அது பிறப்பால் அமைந்த வரிசையைக் கலைத்த ஓர் அமைப்பு. தோட்டத்தில் பால் மரம் சீவியவனும், கிட்டங்கியில் பேரேடு எழுதியவனும், அரசாங்க எழுத்தரும் அங்கு ஒரே அணியில் நின்றனர். 1943இல் சிங்கப்பூரில் தோன்றிய ஜான்சி ராணிப் படையில் தோட்டப்புறத்துப் பெண்கள் பலர் சேர்ந்தனர். வீட்டு வாயிலைத் தாண்ட மூத்தோர் இசைவு தேவைப்பட்ட காலத்தில் அப்பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம், ஒருவன் யாருடைய மகன் என்று கேளாமல் என்ன செய்ய வல்லவன் என்று கேட்ட ஓர் உலகம் இருந்தது. அது 1945இல் முடிந்தது. அவ்வுலகில் தன்னை அளந்து பார்த்த ஒருவனைப் பழைய பாயில் மீண்டும் உட்கார வைப்பது இயலுமா என்பதே வானாயீனா எதிர்கொண்ட சிக்கல். அவர் அதை இயலாது என்று முடிவு செய்தார். எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளிந்த பின்னரும், செய்யும் வேலையின் தன்மையால் வேறுபட்டுப் போகும் மாந்தர் பலர் என்று தெரிந்து வினையாடலில் வள்ளுவர் கூறியதை அவர் தமக்குச் சான்றாகக் காட்டியிருக்கலாம். ஆயின் வேறுபட்டவன் கெட்டவனாகத்தான் இருக்க வேண்டுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. ஆட்களை வழிநடத்தவும் ஆபத்தில் முடிவெடுக்கவும் கற்றுவந்த ஒருவன், போருக்குப் பின் சிதைந்து கிடந்த தொழிலுக்குப் பழைய செல்லையாவைவிடக் கூடுதலாகப் பயன்பட்டிருப்பான் என்று எண்ணவும் இடமுண்டு.

அன்று தொழில் உண்மையாகவே சிதைந்துதான் கிடந்தது. சப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டு போர் முடிந்ததும் வெறும் தாளாயிற்று. ஆட்சிக் காலத்தில் அந்நோட்டால் அடைக்கப்பட்ட கடன்களை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு மலாயாவில் 1948இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 1951இல் வட்டிக்கு விடுவோரை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. வங்கிகள் பெருகின. மாறிவிட்ட காலத்துக்கு மாறாத ஆளைத் தேடிய முதலாளியின் முடிவு வணிக நோக்கில்கூடச் சரியானதா என்று கேட்கும் உரிமை வாசகனுக்கு உண்டு. சிங்காரம் அதற்கு விடை கூறவில்லை. அவர் வானாயீனாவை இழித்துரைக்கவும் இல்லை. முதலாளியின் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொல்வதும் சரிபோலத் தோன்றுமாறு எழுதியிருப்பதே இந்நாவலின் தனிச்சிறப்பு. கொடியவன் ஒருவனால் நேரும் அநீதியை எழுதுவது எளிது. நல்லவர், நாணயமானவர், தம் தொழிலின் மரபுக்கு உண்மையானவர் ஒருவரால் நேரும் அநீதியை எழுதுவது கடினம்.

'புயலிலே ஒரு தோணி' இதே உலகை விட்டு வெளியே செல்பவனின் கதை. பாண்டியன் பெட்டியடி வாழ்வில் அடங்குபவன் அல்லன். மேடானிலிருந்து நீரிணையைக் கடக்கும் தொங்கானில், சரக்கோடு செல்லும் வணிகரும் தோணியோட்டிகளும் புயலில் சிக்கும் பகுதி தமிழ் உரைநடையில் பெயர் பெற்றது. அப்பகுதியின் மொழி வன்மையைப் பாராட்டியவர் பலர். அந்தத் தோணியில் ஒருவனுடைய விலாசமும் செல்லுபடியாவதில்லை என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. கரையில் யார் மேலாள், யார் அடுத்தாள் என்பது அலைக்குத் தெரியாது. தொழில் தெரிந்தவன் சொல்லே அங்கு ஆணை. எனினும் கரையேறியதும் பழைய வரிசை திரும்பிவிடுகிறது. பாண்டியனுக்கு அவ்வரிசையில் இடமில்லை. அவன் முடிவு சுமத்திராவில் நேர்கிறது. இந்நாவல் கலையளவில் மூத்ததைக் காட்டிலும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாய்ப்பு என்னும் பொருளைப் பற்றிய தெளிவு சிறிய நாவலிலேயே கூடுதலாக உள்ளது. பாண்டியன் தானே விலகுகிறான். செல்லையா உள்ளே வர விரும்பி நிறுத்தப்படுகிறான்.

சிங்காரத்திடம் குறைகள் இல்லாமல் இல்லை. மேசைக்கு எதிரே அமர்ந்த கடனாளியின் வீட்டுக்குள் அவர் பெரும்பாலும் செல்வதில்லை. கிட்டங்கியின் பேரேட்டில் ஒரு வரியாக இருந்த கடன், ஒரு மலாய்க் குடியானவனுக்கு அவன் நிலம். 1913இல் கூட்டு மலாய் மாநிலங்களில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்ததற்கு, நிலங்கள் வட்டிக் கடைகளின் கைக்குப் போய்விடும் என்னும் அச்சமும் ஒரு காரணம். உலகப் பொருளாதார மந்தத்தின்போது இரப்பர் விலை வீழ்ந்து கடனாளிகள் தவித்த வேளையில், 1931இல் சிறு நிலங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தவும் சட்டம் தேவைப்பட்டது. வாடிக்கையாளராக மட்டுமே பிற இனத்தவரை அறிந்த வணிகம், அவர்களைக் கூட்டாளியாகவும் ஊழியராகவும் அறிந்திருந்தால் இக்கசப்பு இத்துணை வளர்ந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது. நாவல் அவ்வளவு தொலைவு செல்லவில்லை. செல்லாதது அதன் குற்றமும் ஆகாது. ஆயினும் கற்பிப்பவர் இதனை எடுத்துச் சொல்லாமல் விட்டால், மாணவன் கிட்டங்கியின் உட்புறத்தை மட்டுமே பார்த்தவனாவான்.

தோட்டத் தமிழரும் இந்நாவல்களின் ஓரத்தில்தான் வருகின்றனர். இதுவும் உண்மையின் ஒரு பகுதியே. மொழி ஒன்றாயினும் கிட்டங்கிக்கும் தோட்டத்து லயத்துக்கும் நடுவே பாலம் இருக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளை பெட்டியடிப் பையனாகச் சேர்ந்ததைக் கேள்விப்படுவது அரிது. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' ஒருபுறம், சிங்காரத்தின் நாவல்கள் மறுபுறம் வைத்துப் படிக்கும் மாணவன், ஒரே காலத்தில் ஒரே நாட்டில் வாழ்ந்த இருவகைத் தமிழர் ஒருவரையொருவர் எவ்வளவு குறைவாகச் சந்தித்தனர் என்பதைக் காண்பான். மலேசிய அரசு 1971இல் அறிவித்த புதிய பொருளாதாரக் கொள்கையின் இரு நோக்கங்களுள் ஒன்று, இன்ன இனத்தார்க்கு இன்ன தொழில் என்னும் அடையாளத்தை நீக்குவது. அக்கொள்கை நடந்த விதத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் பல உண்டு. ஆனால் இன்ன பிரிவினர்க்கு இன்ன தொழில் என்னும் அடையாளம் தமிழர்க்குள்ளேயே நிலவியது என்பதைச் சிங்காரத்தைப் படித்தவர் மறுக்க முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறு சேமிப்புகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. கிட்டங்கியின் வாயிலில் நிற்காமல் தமிழ்த் தொழிலாளி முதலாளியாக முயன்ற வேறொரு வழி அது. அதற்கு இணையான நாவல் இன்னும் எழுதப்படக் காத்திருக்கிறது.

இன்று சட்டங்கள் வந்துவிட்டன. சிங்கப்பூரின் நாடாளுமன்றம் 2025 சனவரியில் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, குடியுரிமை, பால், திருமண நிலை, கருவுற்றிருத்தல், இனம், சமயம், மொழி, உடற்குறை முதலியவற்றை முன்னிட்டு வேலையில் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கிறது. மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 சனவரி முதல் நடப்புக்கு வந்தது. வேலையில் பாகுபாடு குறித்துத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் எழும் பூசலை விசாரித்து முடிவு கூறும் அதிகாரத்தை அது தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு வழங்குகிறது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் 'கடலுக்கு அப்பால்' படித்தவர் இச்சட்டங்களைப் படிக்கும் முறை சற்று வேறாக இருக்கும். சிங்கப்பூர்ச் சட்டம் தொடக்கத்தில் 25க்கும் குறைவான ஊழியரைக் கொண்ட நிறுவனங்களுக்கு விலக்கு அளித்துள்ளது. வானாயீனாவின் கடையில் மேலாள், அடுத்தாள், பையன், சமையலாள் என எல்லாரையும் எண்ணினாலும் அத்தொகையை எட்டாது. மலேசியச் சட்டத்தின் அப்பிரிவு முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடைப்பட்ட பூசலைப் பேசுகிறது. வேலை கேட்டு வாயிலில் நிற்பவன் இன்னும் தொழிலாளி ஆகவில்லை. சிறு கடையும் வாயிற்படியும் சட்டத்தின் கை எளிதில் எட்டாத இடங்கள். வணிகத்தில் முதல் வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதும் மறுக்கப்படுவதும் அவ்விடங்களிலேதான்.

அவ்வாயிற்படியில் நிற்கும் இளைஞனிடம் இன்று இருப்பது பள்ளிச் சான்றிதழ். கிட்டங்கிக் காலத்தில் தந்தையின் பெயரும் ஊரின் பெயரும் செய்த வேலையை இன்று அத்தாள் செய்ய வேண்டியிருக்கிறது. அறியாதவன் ஒருவனை இன்னொருவன் நம்புவதற்கான ஈடு அதுவே. தலைமையாசிரியர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் கையொப்பமிடும் நன்னடத்தைச் சான்றுகளில் 'ஒழுக்கமானவர், பணிவானவர்' என்னும் ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. வானாயீனா தேடியதும் பணிவைத்தான். இம்மாணவர் நாடகக் குழுவுக்குப் பொருளாளராக இருந்து கணக்கை ஒப்படைத்தார், இம்மாணவி கூட்டுறவுக் கடையை ஓராண்டு நடத்தினார் என்று எழுதப்பட்ட சான்று எத்தனை பள்ளிகளிலிருந்து வெளிவருகிறது என்பது கேட்கத்தக்க வினா. பயிற்சிக் கல்லூரிகளில் நாவல் கற்பிப்போர் இவ்வினாவைச் செல்லையாவின் கதையோடு சேர்த்துக் கேட்டால் மாணவ ஆசிரியர்கள் உறங்கமாட்டார்கள்.

இறுதியாக மரகதம். சிங்காரத்தின் பெண்கள் குறைவாகப் பேசுபவர்கள். அவர் உலகம் ஆண்களின் உலகம் என்னும் குற்றச்சாட்டு நியாயமானதே. கிட்டங்கியில் பெண் அமர்ந்த வரலாறு இல்லை. ஆனால் பெண்ணின் பணம் அங்கே அமர்ந்திருந்தது. திருமணத்தில் பெண்ணுக்குத் தரப்பட்ட சீதனம் ஆச்சிமார் பணம் என்று தனியாகக் கணக்கிடப்பட்டுக் கடைகளில் வட்டிக்கு விடப்பட்டது நகரத்தார் வழக்கம். அப்பணத்துக்கு வட்டி ஏறும்; பேரேட்டில் தனிப் பக்கம் உண்டு; உரியவளுக்குக் கடையைப் பற்றி முடிவெடுக்கும் இடம் மட்டும் இல்லை. செல்லையாவுக்கு என்ன நேரவேண்டும் என்று முடிவு செய்யப்பட்ட நாளில் மரகதம் அருகில்தான் இருக்கிறாள். ஒருவன் கடைக்கு ஏற்றவனா என்பதை அவனோடு பழகி அறிந்தவள் அவள். தந்தையின் தொழிலைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்தவள் அவள். வட்டிக் கணக்கு அவளுக்கு வருமா என்று அந்த வீட்டில் எவரும் கேட்கவில்லை.